ஏ லெவல் மெய்யியல், அறவியல், சமயம்: மாணவரும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

இங்கிலாந்தில் பதினாறு வயதுக்குப் பின் இந்தப் பாடத்தை எடுத்தவர்கள், எடுக்கலாமா என்று யோசிப்பவர்கள், பிள்ளை இதைத் தெரிவுசெய்துவிட்டதே என்று கவலைப்படும் பெற்றோர் ஆகியோர் கேட்பவை கீழே உள்ளன. பாடசாலைக்குப் பாடசாலை பரீட்சைச் சபை வேறுபடும். உங்கள் பாடசாலை எந்தச் சபையைப் பின்பற்றுகிறது என்பதை முதலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பாடசாலை ‘ஃபிலாசஃபி அண்ட் எதிக்ஸ்’ என்கிறது. சான்றிதழில் ‘ரிலிஜியஸ் ஸ்டடீஸ்’ என்று வருமாம். எது சரி?

இரண்டும் ஒரே பாடம். அதிகாரபூர்வப் பெயர் ரிலிஜியஸ் ஸ்டடீஸ், அதாவது சமயக் கல்வி. அந்தப் பெயரைக் கேட்டால் பிள்ளைகள் ஞாயிறு வகுப்பை நினைத்து ஓடிவிடுவார்கள் என்ற பயம் போலும், பல பாடசாலைகள் வேறு பெயரில் அழைக்கின்றன.

‘ஃபிலாசஃபி’ என்று தனியே இன்னொரு ஏ லெவலும் உண்டு. அதை நடத்துவது ஏகியூஏ சபை மட்டுமே. அறிவுக் கொள்கை, அறவியல், கடவுள், மனம் என நான்கு பகுதிகளை அதில் படிப்பார்கள். அதற்கு மூன்று மணிநேரத் தாள்கள் இரண்டு. ஒவ்வொரு பகுதியிலும் 3, 5, 5, 12, 25 புள்ளிக் கேள்விகள் வரும். மொத்தத்தில் 80 வீதம் அறிவுக்கும் விளக்கத்துக்கும் போகும், மதிப்பீட்டுக்குக் கிடைப்பது 20 வீதம்தான். சமயக் கல்வியில் இந்த விகிதம் 40க்கு 60. ஒரு வாதத்தைப் பிசகில்லாமல் பிரித்துக் காட்டுவதில் சுகம் காண்பவருக்கு அது பொருந்தும். வாதாடித் தீர்ப்புச் சொல்ல விரும்புபவருக்கு இது. எந்தப் பாடம் என்பதில் சந்தேகம் இருந்தால் குறியீட்டைப் பாருங்கள்: ஏகியூஏ சமயக் கல்வி 7062, ஏகியூஏ ஃபிலாசஃபி 7172.

கடவுள் நம்பிக்கை இருக்க வேண்டுமா?

தேவையில்லை. இருந்தால் அது தடையும் இல்லை. ‘வேதம் சொல்கிறது, ஆகவே உண்மை’ என்று எழுதினாலும் ‘அறிவியல் கடவுளை எப்போதோ மறுத்துவிட்டது’ என்று எழுதினாலும் புள்ளி கிடைக்காது. காரணம் சொல்லாமல் முடிவை மட்டும் அறிவிப்பது இரண்டுக்கும் பொதுவான குறை.

பரீட்சை எப்படி இருக்கும்?

இப்போதுள்ள பாடத்திட்டம் 2016 செப்டெம்பரில் தொடங்கியது, முதல் பரீட்சை 2018 கோடையில் நடந்தது. ஒப்படை எதுவும் கிடையாது. இரண்டு வருடப் படிப்பும் கடைசியில் எழுதும் தாள்களில்தான் நிற்கிறது.

ஓசிஆர் சபையில் மூன்று தாள்கள்: சமய மெய்யியல், சமயமும் அறவியலும், ஒரு சமயத்தின் சிந்தனை வளர்ச்சி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணிநேரம், 120 புள்ளி. நான்கு கேள்விகளில் மூன்றுக்குக் கட்டுரை எழுத வேண்டும். ஒரு கட்டுரைக்கு 40 புள்ளி, அதில் 16 அறிவுக்கு, 24 மதிப்பீட்டுக்கு. ஏகியூஏ சபையில் மூன்று மணிநேரத் தாள்கள் இரண்டு, தாளுக்கு 100 புள்ளி. அங்கே முதல் தாளில் கேள்விகள் 10 புள்ளி விளக்கம், 15 புள்ளி மதிப்பீடு என இரண்டாகப் பிரிந்து வரும். எடெக்செல், எடுகாஸ் சபைகளுக்கு வேறு அமைப்புகள் உண்டு. நான்கிலும் 40க்கு 60 என்ற விகிதம் மட்டும் மாறாது.

அந்த 60 வீதத்துக்கு என்ன எழுத வேண்டும்? என் பிள்ளை எல்லாம் எழுதியும் ‘மதிப்பீடு போதாது’ என்றே திரும்பி வருகிறது.

இந்தப் பாடத்தில் எல்லோரும் முட்டிக்கொள்ளும் சுவர் இதுதான். உலகில் தீமை இருக்கும்போது கடவுள் இருக்க முடியுமா என்ற கேள்விக்கு வழக்கமாக வரும் விடை இப்படி இருக்கும்: தீமை இருப்பதால் கடவுள் இருக்க முடியாது என்றார் மெக்கி. துன்பம் ஆன்மாவைப் பக்குவப்படுத்துகிறது என்றார் ஹிக். சுதந்திரம் இருந்தால் தீமையும் இருக்கும் என்றார் பிளான்டிங்கா. என் கருத்துப்படி ஹிக் சொல்வதே சரி. இதில் பிழையான வசனம் ஒன்றுமில்லை, மதிப்பீடும் ஒன்றுமில்லை. மூன்று பேரை வரிசையில் நிற்கவைத்து ஒருவருக்கு மாலை போட்டிருக்கிறார், அவ்வளவே.

ஹிக்கை மட்டும் எடுத்துப் பாருங்கள். துன்பம் பக்குவத்துக்கு என்றால், பிறந்து ஒரு வாரத்தில் வலியோடு இறந்த குழந்தைக்குக் கிடைத்த பக்குவம் என்ன? ஹிக்கிடம் இதற்கு விடை உண்டு: வளர்ச்சி மரணத்தோடு முடிவதில்லை, கடைசியில் எல்லோரும் அந்த நிறைவை அடைவார்கள். சரி, மரணத்துக்குப் பின்னும் வளரலாம் என்றால், வலியில்லாத அந்த வழியிலேயே முழுவதும் வளர்ந்திருக்கலாமே, இங்கே துன்பம் எதற்கு? இப்போது வாதம் மூன்று அடி நகர்ந்துவிட்டது. இதற்குப் பிறகு, ‘ஹிக்கின் விளக்கம் ஏன் துன்பம் உண்டு என்பதற்கு ஓரளவு பொருந்துகிறது, அது ஏன் இப்படிச் சமனில்லாமல் விழுகிறது என்பதற்குப் பொருந்தவில்லை’ என்று எழுதினால் அது தீர்ப்பு. பரீட்சகர் தேடுவது கூற்று, எதிர்ப்பு, அதற்கான மறுமொழி, எஞ்சியதன் எடை என்ற இந்த நகர்வைத்தான்.

எதிர்ப்பு என்று எதை எழுதுவது என்று தெரியாதபோது மூன்று இடங்களைத் தட்டிப் பாருங்கள். வாதம் தொடங்கும் கூற்று உண்மையா? உண்மையென்றே வைத்தாலும் முடிவு அதிலிருந்து வருகிறதா? வந்தாலும், அந்த முடிவு கேட்ட கேள்விக்குப் போதுமா? கடிகாரத்தைக் கண்டால் அதைச் செய்தவர் ஒருவர் இருக்க வேண்டும் என்ற பேலியின் வாதத்தை மூன்றாவது இடத்தில் தட்டினால், ‘ஒரு வடிவமைப்பாளர் இருந்தார் என்றே ஒப்புக்கொண்டாலும் அவர் ஒருவரே, நல்லவர், இன்னும் இருக்கிறார் என்பதெல்லாம் வரவில்லை’ என்ற எதிர்ப்பு தானாகவே விழும்.

‘ஆனால் சிலர் இதை ஏற்பதில்லை’ என்பது மதிப்பீடு ஆகாது. சிலர் எதைத்தான் ஏற்கிறார்கள்? ஏன் ஏற்கவில்லை என்பதற்கே புள்ளி.

ஓசிஆர் கட்டுரைக்கு 40 நிமிடம்தான். அதை எப்படிப் பங்கிடுவது?

நான்கு நிமிடம் திட்டத்துக்கு. அதில் முதலில் எழுத வேண்டியது உங்கள் முடிவு, ஒரே வரியில். முடிவு தெரியாமல் எழுதத் தொடங்குபவர் மூன்றாம் பக்கத்தில் தன்னோடு தானே முரண்படுவார். முன்னுரைக்கு மூன்று நிமிடம், மூன்று வசனம்: கேள்வியில் எது சிக்கல், எந்த இரண்டு மூன்று விடயங்களை எடுக்கிறீர்கள், எந்தப் பக்கம் நிற்கிறீர்கள். சிந்தனையாளர் எந்த ஊரில் எப்போது பிறந்தார் என்பதை யாரும் கேட்கவில்லை. பிறகு மூன்று பத்திகள், ஒவ்வொன்றும் ஒன்பது நிமிடம். ஒவ்வொரு பத்தியின் கடைசி வசனமும் கேள்வியில் உள்ள சொல்லைத் திரும்பத் தொட வேண்டும். முடிவுரைக்கு மூன்று. மிஞ்சும் மூன்று நிமிடத்தில் வாசித்துத் திருத்தலாம்.

பெரும்பாலும் பிழைக்கும் இடம் மூன்றாவது கட்டுரை. முதல் கட்டுரை நன்றாக ஓடுகிறதே என்று 55 நிமிடம் கொடுத்துவிடுவார்கள். கணக்குப் பாருங்கள்: மூன்று கட்டுரையிலும் 28 எடுத்தால் 84. இரண்டில் 32 எடுத்து, பாதியில் நின்ற மூன்றாவதில் 12 எடுத்தால் 76. ஆகவே 40 ஆவது நிமிடத்தில் பேனாவை எடுத்து அடுத்த பக்கத்தில் வையுங்கள்.

ஏகியூஏ தாளில் 180 நிமிடத்துக்கு 100 புள்ளி. அந்தக் கணக்கில் 10 புள்ளிக் கேள்விக்கு 18 நிமிடம், 15 புள்ளிக்கு 27. அங்கே 10 புள்ளிக் கேள்வி விளக்கத்தை மட்டுமே கேட்கிறது. அதில் எழுதும் விமரிசனத்துக்குப் புள்ளி கிடையாது, எவ்வளவு கூர்மையாக இருந்தாலும்.

சில தலைப்புகளை விட்டுவிட்டுப் படிக்கலாமா?

ஓசிஆர் தாளில் நான்கில் மூன்று என்றால் தப்பிக்க இருப்பது ஒரே ஒரு கேள்வி. இரண்டு தலைப்பை விட்டிருந்து இரண்டும் ஒரே தாளில் வந்தால் ஒரு கட்டுரை போயிற்று. விடாதீர்கள்.

சிந்தனையாளர்களைப் பற்றி எழுதும்போது அடிக்கடி வரும் பிழைகள் எவை?

சில பிழைகள் வருடா வருடம் வருகின்றன.

‘எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு, ஆகவே கடவுள் உண்டு என்றார் அக்குவைனாஸ், அப்படியானால் கடவுளுக்குக் காரணம் யார்?’ அவர் அப்படிச் சொல்லவேயில்லை. எதுவும் தனக்குத் தானே காரணமாக முடியாது, காரணங்களின் வரிசை முடிவின்றிப் பின்னோக்கிப் போகவும் முடியாது என்பதுதான் அவர் வாதம். ஆகவே ‘கடவுளைப் படைத்தது யார்’ என்ற அடி அவர்மேல் விழுவதில்லை. வரிசை ஏன் முடிவின்றிப் போகக் கூடாது என்று கேளுங்கள், அது விழும். உலகத்துக்குக் கால ஆரம்பம் உண்டு என்பதைப் பகுத்தறிவால் நிறுவ முடியாது என்றே அக்குவைனாஸ் கருதினார். எனவே பெருவெடிப்பைக் கொண்டுவந்து அவரைக் காப்பாற்றவும் வேண்டாம், வீழ்த்தவும் வேண்டாம்.

‘பேலியின் கடிகாரத்தை ஹியூம் மறுத்தார்.’ ஹியூம் இறந்தது 1776 இல். அவருடைய உரையாடல் நூல் 1779 இல் வெளிவந்தது. பேலியின் நூல் 1802 இல். ஹியூம் தாக்கியது அதற்கு முன்பே புழங்கிய வடிவமைப்பு வாதத்தை. ‘ஹியூம் முன்வைத்த எதிர்ப்பு பேலிக்கும் பொருந்துமா’ என்று எழுதுங்கள். அப்படி எழுதினால் பிழை நீங்குவதோடு மதிப்பீட்டுக்கும் ஒரு வாசல் திறக்கிறது, ஏனெனில் அது முழுதாகப் பொருந்துகிறதா என்பதே விவாதத்துக்குரியது.

நினைத்துப் பார்க்கக்கூடியதில் மிக உயர்ந்தது கடவுள், மனதில் மட்டும் இருந்தால் அது மிக உயர்ந்ததாகாது, ஆகவே கடவுள் இருந்தாக வேண்டும் என்றார் அன்செல்ம். அவரைப் பற்றிய விடையில் கோனிலோவின் தீவு கட்டாயம் வரும். நினைத்துப் பார்க்கக்கூடிய மிகச் சிறந்த தீவு ஒன்றும் அதே தர்க்கத்தால் இருந்தாக வேண்டுமே என்று அவர் கேட்டார். பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். தீவுக்கு ‘இதற்கு மேல் சிறக்க முடியாது’ என்ற எல்லை இல்லை, எப்போதும் இன்னொரு மரத்தைச் சேர்க்கலாம். அறிவு, ஆற்றல் போன்றவற்றுக்கு எல்லை உண்டு என்பது பிளான்டிங்கா தரும் மறுமொழி. அதையும் எழுதி எடைபோட்டால்தான் விடை முழுமை.

கான்ட் படும் பாடு தனி. ‘எல்லோரும் பொய் சொன்னால் சமூகம் சீர்கெடும், அதனால் பொய் தவறு’ என்று அவர் பெயரில் எழுதுகிறார்கள். அது விளைவைப் பார்க்கும் வாதம், கான்ட் எதிர்த்தது அதைத்தான். அவர் சொல்வது, எல்லோரும் பொய் வாக்குறுதி கொடுக்கும் உலகில் வாக்குறுதி என்ற ஒன்றே இராது, ஆகவே அந்த விதியைப் பொதுவிதியாக்க நினைக்கும்போதே அது தன்னைத்தான் அழித்துக்கொள்கிறது என்பது. இன்னொன்று, ‘மனிதரைக் கருவியாகப் பயன்படுத்தக் கூடாது’ என்பதில் ‘வெறும்’ என்ற சொல்லை விழுங்கிவிடுவது. பஸ் சாரதியை ஊர் போய்ச் சேர ஒரு கருவியாகத்தான் பயன்படுத்துகிறோம். வெறும் கருவியாக நடத்துவதே தவறு.

‘விதிப் பயன்பாட்டுவாதத்தை மில் உருவாக்கினார்’ என்பது பாதி உண்மை. பயன்பாட்டுவாதம் என்பது அதிக இன்பம் தருவதே சரி என்ற கொள்கை. அதை ஒவ்வொரு செயலுக்கும் பொருத்துவது செயல் வகை, பொது விதிகளுக்குப் பொருத்துவது விதி வகை. செயல், விதி என்ற பெயர்கள் 20 ஆம் நூற்றாண்டில் வந்தவை. மில்லை அப்படி வாசிக்கலாம் என்று எழுதுங்கள். இன்பத்தை அளக்கப் பென்தம் தந்த அளவுகோலில் ஏழு கூறுகள் உண்டு. ஏழையும் பட்டியலிட்டு அரைப்பக்கத்தை நிரப்புவதைவிட, வருங்கால இன்பத்தை எப்படி அளப்பது என்ற ஒரு கேள்வியைத் தொடர்ந்து போவது பயன் தரும்.

தீமைப் பிரச்சினையில் இரண்டு வேறு வாதங்கள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. கடவுளும் தீமையும் தர்க்கப்படி ஒருசேர இருக்கவே முடியாது என்பது மெக்கி 1955 இல் சொன்னது. ஒருசேர இருக்கக்கூடும், ஆனால் இவ்வளவு பயனற்ற துன்பத்தைப் பார்த்தால் கடவுள் இருப்பதாக நம்பக் காரணமில்லை என்பது ரோ 1979 இல் சொன்னது. பிளான்டிங்காவின் சுதந்திர வாதம் முதலாவதற்கு எழுதப்பட்ட விடை. அதை வைத்து ரோவை மறுத்தால் பூட்டு ஒன்று, திறப்பு வேறொன்று.

எத்தனை மேற்கோள் மனப்பாடம் செய்ய வேண்டும்?

ஒரு தலைப்புக்கு இரண்டு, ஒவ்வொன்றும் ஆறேழு சொல். சரியாகச் சுருக்கிச் சொன்னால் அதே புள்ளிதான். இணையப் படங்களில் வரும் மேற்கோள்களை நம்ப வேண்டாம். ‘கடவுளுக்குத் தீமையைத் தடுக்க விருப்பம் உண்டு, ஆற்றல் இல்லையா?’ என்று பண்டைய கிரேக்க மெய்யியலாளர் எபிகியூரஸ் பெயரில் சுற்றும் புகழ்பெற்ற வரிகள் அவர் எழுதி எஞ்சியவற்றில் இல்லை. பல நூற்றாண்டு கழித்து லக்டான்சியஸ் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் எபிகியூரஸின் வாதம் என்று எடுத்துக் காட்டியதிலிருந்துதான் அது நமக்குக் கிடைக்கிறது.

கருணைக்கொலை போன்ற கேள்விகள் எளிதுதானே? எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்கிறது.

அதனால்தான் அவை கடினம். கருத்து இருப்பவர் கொள்கையை மறந்துவிடுகிறார், விடை பட்டிமன்றமாகிவிடுகிறது. கேள்வி பெரும்பாலும் ‘இந்தக் கொள்கை இந்தச் சிக்கலுக்கு உதவுகிறதா’ என்றுதான் வரும். மதிப்பிட வேண்டியது கொள்கையை.

முதலில் சந்தர்ப்பத்தைக் குறுக்குங்கள்: நோயாளி தானே கேட்கிறாரா, கேட்க முடியாத நிலையில் இருக்கிறாரா? மருந்து கொடுப்பதா, சிகிச்சையை நிறுத்துவதா? பிறகு கொள்கையைப் பொருத்துங்கள். இயற்கை விதிக் கொள்கை உயிரைக் காப்பதை முதன்மைக் கட்டளைகள் ஐந்தில் ஒன்றாக வைக்கிறது, ஆகவே கொல்வதற்கென்று கொடுக்கும் ஊசி தவறு. ஆனால் வலியைத் தணிக்கக் கொடுக்கும் மோர்ஃபின் ஆயுளைக் குறைக்கக்கூடும் என்று தெரிந்திருந்தாலும், நோக்கம் வலி தணிப்பாக இருந்தால் இரட்டை விளைவு என்ற கோட்பாட்டின்படி அனுமதிக்கலாம். மருத்துவர் கை செய்யும் செயல் ஒன்றாகவே இருக்க, மனதில் உள்ள நோக்கம் மட்டும் இவ்வளவு வேறுபாட்டைத் தாங்குமா? கட்டுரையின் நடுப்பகுதி அங்கே இருக்கிறது. 1966 இல் ஃபிளெட்சர் முன்வைத்த சூழ்நிலை அறவியலைப் பக்கத்தில் வையுங்கள். அன்பு எதைக் கேட்கிறதோ அதுவே சரி என்று அது சொல்லும். மரணப் படுக்கையில் அன்பு எதைக் கேட்கிறது என்பதைக் களைத்துப்போன குடும்பம் தீர்மானிப்பதில் உள்ள ஆபத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதற்கு ஒரு வசனம் போதும்.

இந்து சமயத்தைத் தெரிவுசெய்ய முடியுமா? வீட்டில் தேவாரம் படித்த பிள்ளைக்கு இலகுவாக இருக்குமே.

ஓசிஆர், ஏகியூஏ இரண்டிலும் கிறிஸ்தவம், இஸ்லாம், யூதம், பௌத்தம், இந்து சமயம் எனத் தெரிவுகள் உண்டு. ஆனால் தெரிவைச் செய்வது ஆசிரியர் வசதிப்படி பாடசாலைதான். பிள்ளை தனியாகக் கேட்டுப் பெறும் விடயமல்ல.

இலகுவாக இருக்குமா என்றால், வீட்டுப் பயிற்சி சொற்களைப் பழக்கியிருக்கும், வாதங்களைப் பழக்கியிராது. ஆன்மாவும் பிரமமும் ஒன்றா வேறா என்பதில் சங்கரரும் இராமானுசரும் ஏன் பிரிகிறார்கள் என்பது போன்றதே இங்கு கேட்கும் கேள்வி. சைவ சித்தாந்தத்தைப் பிற தாள்களில் கொண்டுவரலாமா என்றும் கேட்கிறார்கள். வாதத்துக்கு உதவினால் கொண்டுவரலாம். தீமைப் பிரச்சினையில் ஆணவம், கன்மம், மாயை என்று பெயர் மட்டும் சொன்னால் அது அலங்காரம். உயிரும் மலமும் கடவுளால் படைக்கப்பட்டவை அல்ல, அநாதியானவை என்று சித்தாந்தம் கொள்வதால், ‘கடவுள் ஏன் தீமையைப் படைத்தார்’ என்ற கேள்வியின் ஒரு கால் ஒடிகிறது என்று காட்டினால் அது வாதம். பாடத்திட்டத்தில் உள்ள சிந்தனையாளரை விட்டுவிட்டு அதை எழுதக் கூடாது, அவரை எடைபோட அதைப் பயன்படுத்தலாம்.

எனக்குத் தமிழில்தான் யோசிக்க வருகிறது. அது குறையா?

தர்க்கத்தைத் தமிழில் யோசிப்பதற்கு நீண்ட வரலாறு உண்டு. மணிமேகலையின் 29 ஆம் காதை பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்று ஓர் அனுமானத்தை ஐந்து உறுப்பாகப் பிரிக்கிறது: மலையில் நெருப்பு உண்டு, புகை இருப்பதால், அடுக்களை போல, இந்த மலையும் புகையுடையது, ஆகவே நெருப்புடையது. பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்று பிழைகளையும் வகுக்கிறது. பேலியின் வாதத்தை இந்த ஐந்தில் எழுதிப் பாருங்கள். கடிகாரம் அங்கே திட்டாந்தம். உலகம் அதைப் போன்றதுதானா என்ற ஹியூமின் கேள்வி எங்கே குத்துகிறது என்பது உடனே தெரியும்.

எழுதுவது ஆங்கிலத்தில் என்பதால், ‘ஆகவே’, ‘ஆயினும்’, ‘இது உண்மையானால்’ போன்ற இணைப்புகளின் ஆங்கில வடிவங்களில் பத்துப் பதினைந்தைக் கை தானாக எழுதுமளவுக்குப் பழகுங்கள். கலைச்சொற்களைவிட இவைதான் முதலில் தடுக்கின்றன.

வாராவாரம் எப்படிப் படிப்பது?

ஒரு வாதத்துக்கு ஒரு தாள். மேலே வாதத்தின் படிகள், மூன்று முதல் ஐந்து, எண்ணிட்டு. கீழே இரண்டு எதிர்ப்பு, ஒவ்வொன்றும் எந்தப் படியைத் தாக்குகிறது என்ற எண்ணோடு. கடைசியில் ஒரு மறுமொழியும் உங்கள் தீர்ப்பும். தாளை மூடிவைத்து மீண்டும் எழுதிப் பாருங்கள். நிறப் பேனாவால் கோடிட்டுத் திரும்பத் திரும்ப வாசிப்பது படித்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

வாரம் ஒரு பத்தியை ஒன்பது நிமிடம் வைத்து எழுதுங்கள். முழுக் கட்டுரைக்கு நேரம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். பழைய வினாத்தாள், புள்ளித்திட்டம், பரீட்சகர் அறிக்கை மூன்றும் சபைகளின் தளங்களில் கிடைக்கும். அறிக்கையை வாசிப்பவர் குறைவு, அதில்தான் சென்ற முறை எங்கே புள்ளி போனது என்று இருக்கும்.

மூல நூல்களில் மெக்கியின் 1955 கட்டுரையை முழுதாக வாசிக்கலாம், 13 பக்கம்தான். பேலியின் முதல் அத்தியாயமும் சிறியது. கான்ட்டை நேராக வாசிக்கத் தொடங்கி மனமுடைந்து போக வேண்டாம்.

பல்கலைக்கழகங்கள் இதை மதிக்குமா?

ரசல் குழுமம் என்ற முன்னணி ஆய்வுப் பல்கலைக்கழகங்களின் கூட்டு ஒரு காலத்தில் வெளியிட்ட ‘வழி திறக்கும் பாடங்கள்’ பட்டியலில் சமயக் கல்வி இருக்கவில்லை. பழைய பயம் அங்கிருந்து வருகிறது. அந்தப் பட்டியல் 2019 இல் கைவிடப்பட்டது. சட்டம், வரலாறு, அரசியல், மெய்யியல், இறையியல் போன்றவற்றுக்குக் கட்டுரை எழுதும் பாடமாக இது நன்றாக நிற்கும். மருத்துவத்துக்கு விண்ணப்பிப்பவர் இதை மூன்றாவது பாடமாக வைக்கலாம், இரசாயனத்துக்குப் பதிலாக வைக்க முடியாது. பொறியியல், பொருளியல் என்றால் கணிதமே முதலில் பேசும். எந்தத் துறையானாலும் அந்தப் பட்டப்படிப்பின் நுழைவு நிபந்தனையை நேராகப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

எடுத்துப் பார்த்துவிட்டுப் பிடிக்காவிட்டால் மாறலாமா?

மாறுவதென்றால் முதல் அரைத் தவணைக்குள். அதற்குப் பிறகு புதிய பாடத்தில் தவறவிட்டதை எட்டிப் பிடிப்பது சிரமம். முதல் வருட அளவிலான ஏஎஸ் பரீட்சையை எழுதிவிட்டு அந்தப் புள்ளியை ஏ லெவலுக்குக் கொண்டுபோகலாம் என்பது பழைய முறை, இப்போது அது தனித் தகைமை. பிடிக்கவில்லை என்று முடிவெடுக்கும் முன் ஒரு கட்டுரை எழுதித் திருத்தி வாங்கிவிடுங்கள். முதல் ஐந்து வாரம் பெரும்பாலும் பிளேட்டோவின் குகை உவமையிலேயே கழியும், அதை மட்டும் வைத்துப் பாடத்தைத் தீர்மானிப்பது அவசரம்.